பீரோ மேல் இருந்த லேப்டாப்

அயனம்பாக்கத்தில் அக்கா வீட்டு பீரோ மேல், துணிப்பைக்குள் சுற்றி, இரண்டு வருடமாக ஒரு லேப்டாப் கிடந்தது. அக்கா மகள் பிளஸ் டூ படிக்கும்போது, 2013இல் பள்ளியில் கொடுத்தது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம் அது. அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து, பின்வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கைக்குப் போன மடிக்கணினிகளில் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒன்று. 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸும் உண்டு, சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் உண்டு.

எங்கள் குடும்பத்தில் முதல் கம்ப்யூட்டர் அதுதான். நான்கு வருடம் காலேஜ் பஸ்ஸில் மடியில் உட்கார்ந்து போய்வந்தது. 2015 டிசம்பர் மழையில் கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றபோது அரிசி மூட்டைக்கு முன்னால் அதைத்தான் பரண் மேல் ஏற்றினோம். 2020இல் பள்ளிகள் மூடிக் கிடக்க, அக்கா அதை வைத்துத் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். அப்போதே அது இழுத்துக்கொண்டிருந்தது. “பட்டனை அழுத்திட்டுப் போய் அரிசி களைஞ்சு குக்கர் வெச்சுட்டு வருவேன்டா, அப்பவும் சுத்திக்கிட்டே இருக்கும்” என்பாள். ஒருநாள் வெறுத்துப்போய் மேலே தூக்கி வைத்துவிட்டாள்.

இந்த மார்கழியில், கேள்வித்தாள் டைப் செய்யப் புது லேப்டாப் வாங்கித் தரச்சொல்லிக் கேட்டாள். நான் பழையதை இறக்கினேன். அதன் புராசஸருக்கு ஒன்றும் ஆகவில்லை, திரையும் தெளிவாகவே இருந்தது. மூப்பு வந்திருந்தது ஒரே உறுப்புக்குத்தான்.

ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் தட்டு. நிமிடத்துக்கு 5,400 சுற்று; ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். படிக்கும் முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும், பிறகு வேண்டிய இடம் சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். சிதறிக் கிடக்கும் துணுக்குகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தால் ஒரு நொடிக்கு நூறு எட்டுவதே கஷ்டம். கம்ப்யூட்டர் விழித்தெழும்போது படிப்பதோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள். அக்காவின் அரிசி களையும் நேரமெல்லாம் அந்தக் காத்திருப்பில்தான் போயிருக்கிறது. அதன் இடத்தில் மாட்டக்கூடிய எஸ்எஸ்டியில் சுழல எதுவும் இல்லை. 1980களில் ஜப்பானின் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா கண்டுபிடித்த ஃபிளாஷ் மெமரி சிப்தான் உள்ளே இருப்பது. தேடும் நேரம் ஒரு மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது.

எஸ்எஸ்டி வாங்கப் போகுமுன் லேப்டாப்பைத் திறந்து பார்த்துவிட வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வேன். எங்கள் தெருமுனை சர்வீஸ் கடைத் தம்பி அடிமூடியைக் கழற்றிக் காட்டினார். “அண்ணா, இதுல என்விஎம்இ போட ஸ்லாட்டே இல்ல. ரெண்டரை இஞ்ச் சாட்டாதான். அதுவும் சாட்டா டூ.” என்விஎம்இ என்றால் புது வகை இணைப்பு, சாட்டா பழையது; சாட்டா டூவில் நொடிக்கு 3 கிகாபிட், அதாவது கிட்டத்தட்ட 300 எம்பிதான் அந்த வழியில் போகும். பெட்டியில் 550 எம்பி என்று அச்சிட்ட டிரைவைப் போட்டாலும் அவ்வளவுதான். அதற்காக வருந்த வேண்டியதில்லை. பழைய லேப்டாப்புக்குக் கிடைக்கும் லாபம் அந்த எம்பிக் கணக்கில் இல்லை, தேடும் நேரம் ஒழிந்ததில் இருக்கிறது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் முதல் கடையில் எடுத்துக் காட்டியது 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட என்விஎம்இ பட்டை. அழகான பொருள், ஆனால் எங்களுக்கு ஆகாது. அடுத்த கடையில் 2 டிபி எஸ்எஸ்டி ஒன்று, நம்ப முடியாத மலிவு விலைக்கு. நம்பவும் கூடாது. கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிகள் சந்தையில் உலவுகின்றன. உண்மையான கொள்ளளவு நிரம்பியதும் பழைய ஃபைலின் மேலேயே எழுதும். 120 ஜிபியும் வேண்டாமென்று விட்டேன். சீக்கிரம் நிரம்பிவிடும், சிப் குறைவு என்பதால் எழுதும் வேகமும் குறைவு. வாங்கியது 240 ஜிபி, மூன்று வருட வாரண்டி, பில்லோடு. இந்த அளவு டிரைவ்களில் 80 டிபி வரை எழுதலாம் என்று போட்டிருப்பது வழக்கம். அக்கா தினமும் 20 ஜிபி எழுதினால்கூடப் பதினோரு வருடம் ஓடும். அவள் 1 ஜிபிகூட எழுதமாட்டாள்.

விலை மட்டும் உறுத்தியது. ஏஐ சர்வர்கள் அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து இந்தச் சிப்புகளின் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. எங்கள் பக்கத்து அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே பெரிய பெரிய டேட்டா சென்டர்கள் வந்துவிட்டன. 2024 ஜனவரியில் டிஜிட்டல் கனெக்‌ஷன் திறந்தது, அதற்கு முன்பே என்டிடி. அங்கே ரேக் ரேக்காக அடுக்கியிருப்பதும் அக்காவின் லேப்டாப்பில் ஏறப்போவதும் ஒரே ஜாதிச் சிப்.

மாட்டுவது கால் மணி நேர வேலை. பழைய டிஸ்க்கின் தடிமன் 9.5 மில்லிமீட்டர், புதியது 7. ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் கொடுத்து நான்கு ஸ்குரூ முடுக்கினார் தம்பி. பழையதில் பேட் செக்டார் வரத் தொடங்கியிருந்ததால் அப்படியே குளோன் செய்யவில்லை. அக்கா மகளின் ப்ராஜெக்ட், காலேஜ் போட்டோக்கள் எல்லாவற்றையும் முதலில் பென்டிரைவில் இறக்கினோம். ஒரே ஒரு போட்டோ ஃபோல்டர் வராமல் போனது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, 11ஐ இந்த புராசஸர் ஏற்காது. லினக்ஸ் மின்ட் ஏற்றி, செகண்ட் ஹேண்டில் 4 ஜிபி டிடிஆர்3 ரேம் ஒன்றும் சேர்த்தோம். தமிழ்99 விசைப்பலகை உடனே வந்தது. லேப்டாப் விழித்தெழ முன்பு நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். இப்போது 28 நொடி. ஓஎஸ் மாறியதற்கும் ரேமுக்கும் அதில் பங்குண்டு. பெரும்பங்கு எஸ்எஸ்டிக்கே.

2025 பட்ஜெட்டில் தமிழக அரசு 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு அறிவித்த கருவிகளில், மடிக்கணினிக்கான டெண்டர் கேட்டது 256 ஜிபி எஸ்எஸ்டி. அந்த வகையில் அக்காவின் லேப்டாப் இப்போது புதியவற்றுக்கு அருகில் வந்துவிட்டது.

ஒன்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்: மறுபடி பீரோ மேல் போடாதே. ஃபிளாஷ் சிப், கரண்ட் இல்லாமல் நம் ஊர் வெயிலில் வருடக்கணக்கில் கிடந்தால் எழுதியதை மெல்ல மறக்கும். அதற்கெல்லாம் இப்போது வழியில்லை, ஆறாம் வகுப்புக் கணக்குக் கேள்வித்தாள் பாதி டைப் ஆகி நிற்கிறது. பேட்டரிதான் இருபது நிமிடத்துக்கு மேல் தாங்குவதில்லை. பொங்கல் கழிந்து அதைப் பார்க்க வேண்டும்.