விழுங்கற் கடினமும் வெண்படலமும்: நோய்க்காரணம் தேடிய ஒரு வரலாறு

உண்ட உணவு தொண்டையைக் கடந்தபின் நெஞ்சினுள் தடைப்படுவதும், விழுங்குந்தோறும் நோவு எழுவதும் மனிதன் நெடுங்காலமாக அறிந்த துன்பங்களாகும். ஆயினும் இவை தாமே நோய்களல்ல. பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறிகளாகும். தொண்டையையும் இரைப்பையையும் இணைக்கும் களத்தில் மதுவ வகைப் பங்கசு வளர்ந்தாலும், புற்றுநோய் தோன்றினாலும், தசையியக்கம் கெட்டாலும் நோயாளி கூறும் முறைப்பாடு ஏறத்தாழ ஒன்றாகவே இருத்தல் கூடும். இவற்றை வேறுபடுத்தியறிய மருத்துவம் கடந்து வந்த பாதையை நோக்கின், ஒன்றைக் காண்பதும் அதுவே காரணமெனத் துணிவதும் வெவ்வேறானவை என்பது புலனாகும். இதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1839 ஆம் ஆண்டில் ஜேர்மானிய மருத்துவரான லங்கென்பெக், நெருப்புக்காய்ச்சலால் இறந்த ஒருவரின் களத்தின் உட்சுவரிற் பங்கசு வளர்ந்திருக்கக் கண்டார். அவர் கண்டது மெய்யே. ஆனால் காய்ச்சலுக்கு அப்பங்கசே காரணமென அவர் கருதியது பிழையாயிற்று. காய்ச்சலுக்குரிய பற்றீரியத்தை ஏபேர்த் 1880 இலேயே கண்டார். நோயினால் உடல் தளர்ந்தமையாலேயே பங்கசு பெருகியிருந்தது. விளைவு காரணமாகக் கொள்ளப்பட்டது. 1840களில் சுவீடனிற் பேர்க்கும் பாரிசிற் குறுபியும் குழந்தைகளின் வாயிலே தோன்றும் வெண்படலத்துக்கும் பங்கசுக்குமுள்ள தொடர்பை ஆராய்ந்தனர். கன்டிடா என்னும் இனப்பெயர் 1923 இல் பேர்க்ஹவுட் என்னும் ஆய்வாளரால் இடப்பட்டது.

விழுங்கற் கடினத்தின் ஏனைய காரணங்கள் வேறு வழிகளால் அறியப்பட்டன. ஆங்கில மருத்துவரான தோமஸ் வில்லிஸ், களத்தின் கீழ்வாயில் திறவாத நோயாளி ஒருவர் திமிங்கில எலும்பின் நுனியிற் பொருத்திய கடற்பஞ்சினால் உணவை உட்டள்ளி உயிர்வாழ்ந்ததை 1674 இல் எழுதினார். இன்று அக்கலேசியா எனப்படுவது இந்நோயே. எனினும் உயிருள்ளவரின் களத்தை நேரிற் காண்பதற்கு இரு நூற்றாண்டுகள் செல்லவேண்டியிருந்தது. 1868 இல் குஸ்மவுல், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் தொண்டைவழி நேரான குழாயொன்றைச் செலுத்திப் பார்த்தார். 1890களின் இறுதியில் அமெரிக்கரான கனன், பிசுமது கலந்த உணவு களத்தினூடு செல்வதை எக்ஸ்-கதிர்களாற் கண்டார். வளையக்கூடிய கண்ணாடி நார்க் கருவியை 1957 இல் ஹேர்ஷோவிற்ஸ் பயன்படுத்தியபின், அகநோக்கல் பரவலாகக் கையாளத்தக்க முறையாயிற்று.

கருவிகள் பெருகியும் நோயாளியின் சொல் மதிப்பிழக்கவில்லை. முதலிற் சோறும் இறைச்சியும், பின்னர் நீரும் தடைப்படுமாயின் குழாய் ஒடுங்குகிறதென ஐயுறலாம். திண்ம உணவும் நீரும் தொடக்கத்திலிருந்தே ஒருங்கு தடைப்படின் தசையியக்கக் கோளாறு கருதப்படும். விழுங்கும்போது நோவே மேலோங்கின் உட்சுவரின் அழற்சி நினைவிற் கொள்ளப்படும். பங்கசுத் தொற்று பெரும்பாலும் இம்மூன்றாம் வகையினது.

1981 யூன் மாதத்தில் லொஸ் ஏஞ்சல்சில் ஐந்து இளைஞர்க்கு அரிதான நுரையீரல் அழற்சி ஏற்பட்டதாக அறிக்கையொன்று வெளிவந்தது. ஐவருக்கும் கன்டிடாத் தொற்றும் இருந்தது. ஒருவருக்கு அது களத்திலும் காணப்பட்டது. எயிட்ஸ் நோயின் முதல் அறிக்கை இதுவே. லங்கென்பெக் கண்ட உறவு இங்கு நேராக விளங்கிக்கொள்ளப்பட்டது: பங்கசின் பெருக்கம் உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியதற்குச் சான்றாயிற்று. வாயில் வெண்படலமும் விழுங்குகையில் அண்மையிலே தோன்றிய நெஞ்சு நோவும் சேர்ந்திருப்பின் களத் தொற்றை ஊகிக்கலாமென 1987 இன் அமெரிக்க வரைவிலக்கணம் இடமளித்தது. 1990களில், இத்தகையோர்க்கு முதலிற் புளுகொனசோல் கொடுத்து, சில நாள்களிற் குணம் காணாவிடின் அகநோக்கல் செய்யும் முறை வழக்காயிற்று.

எனினும் ஊகம் முடிபாகாது. ஹேர்ப்பீஸ் வைரசும் சைட்டோமெகலோ வைரசும் இதே நோவைத் தரும். முன்னையது சிறு புண்களையும் பின்னையது பெரும்பாலும் அகன்ற புண்களையும் உண்டாக்கும். 1990களில் தனி நோயாக இனங்காணப்பட்ட இயோசினோபில் அழற்சியிலும் வெண்புள்ளிகள் தோன்றிக் கன்டிடாவென மயக்கும். அதற்கு மருந்தாக விழுங்கப்படும் ஸ்டீரொயிட்டே கன்டிடாவை வளர்க்கவுங்கூடும். அக்கலேசியாவிலும் புற்றுநோயிலும் உணவு தேங்குமிடத்துப் பங்கசு குடியேறலாம். அங்கே வெண்படலத்தை மட்டும் நீக்கியவர் மூலநோயைத் தவறவிடுவார். எனவேதான் இழையத் துண்டொன்றை நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்து, பங்கசிழைகள் உட்சுவரை ஊடுருவியுள்ளனவா என ஆராய்கின்றனர். கன்டிடா நலமுள்ளோர் வாயிலும் வாழ்வதால், வளர்ப்பூடகத்தில் அது முளைப்பது மாத்திரம் சான்றாகாது.

வெற்றிலையுடன் புகையிலை மெல்லும் வழக்கம் நிலவும் நம் நாட்டில் இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. அவ்வழக்கம் வாய்ப்புற்றுடன் களப்புற்றுக்கும் வழிகோலுவது. நாளுக்கு நாள் உணவு கூடுதலாகத் தடைப்பட்டு உடல் மெலியும் முதியவர் ஒருவரின் வாயிலே வெண்படலம் தென்படலாம். அதனைக் கண்ட அளவில் விடை கிடைத்ததென அமைவோமாயின், 1839 இன் பிழையையே மீண்டும் செய்தவராவோம். அதற்கான விலையைச் செலுத்துபவர் அந்நோயாளியே.