வெளிநாட்டுப் படைகளில் பணி: நிரந்தர வசிப்புரிமை யாருக்குக் கிடைக்கும்? நாடு வாரியாக விதிகள்

ராணுவப் பணி அனுபவம் உள்ள வெளிநாட்டவரைத் தங்கள் படைகளில் சேர்த்து, நிரந்தரமாகக் குடியமர்த்திக்கொள்ள கனடா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகள் அண்மை ஆண்டுகளில் விதிகளைத் தளர்த்தி வருகின்றன. உள்நாட்டில் போதிய ஆள்கள் கிடைக்காததே இதற்கு முதன்மைக் காரணம். எனினும், எல்லா நாட்டவருக்கும் இந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. இந்தியர்களைப் பொருத்தவரை, வெளிநாட்டுச் சட்டத்துடன் இந்தியச் சட்டத்தையும் சேர்த்தே கருத வேண்டியுள்ளது.

நிரந்தர வசிப்புரிமை வேறு, குடியுரிமை வேறு. முகவர்களின் விளம்பரங்களிலும், சில வேளைகளில் செய்திகளிலும்கூட இரண்டும் ஒன்றாகவே குறிப்பிடப்படுகின்றன. வசிப்புரிமை பெற்றவர் இந்தியக் கடவுச்சீட்டுடனேயே அந்நாட்டில் காலவரையின்றி வாழலாம், பணியாற்றலாம். குடியுரிமை பெற்றால் அவர் இந்தியராக நீடிக்க முடியாது.

கனடா

கனடா படைகளில் சேர நீண்டகாலமாகக் குடியுரிமை கட்டாயமாக இருந்தது. வெளிநாட்டில் விமானி, மருத்துவர் போன்ற சிறப்புப் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. 2022 நவம்பரில் இந்த விதி மாற்றப்பட்டு, நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களும் விண்ணப்பிக்க அனுமதிக்கப்பட்டனர். அதாவது, முதலில் வசிப்புரிமை, பிறகு சீருடை.

இந்த வரிசையை மாற்றும் ஏற்பாடு 2026-இல் அறிவிக்கப்பட்டது. திறன்மிகு குடியேற்றத்துக்கான ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ முறையில், கனடா படைகள் தேர்ந்தெடுக்கும் வெளிநாட்டு ராணுவ மருத்துவர்கள், செவிலியர்கள், விமானிகள் உள்ளிட்டோருக்கெனத் தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. கனடா படைகளின் பணி வாய்ப்பே இதற்கு அடிப்படை. ஒருவர் வேறெங்கோ பல ஆண்டுகள் ராணுவத்தில் இருந்தார் என்பது மட்டும் போதுமானதன்று.

முன்னாள் ராணுவத்தினர் அனைவரும், குடிமைப் பணிக்காகச் செல்வோர் உள்பட, கவனிக்க வேண்டிய மற்றொன்று பின்னணிச் சோதனை. கனடாவின் குடியேற்ற விண்ணப்பத்தில் எந்தப் பிரிவில், எந்தப் பதவியில், யாருடைய தலைமையில் பணியாற்றினார், எங்கே சண்டையில் ஈடுபட்டார், ஏன் பணி முடிவுற்றது என்பன வரை கேட்கப்படுகின்றன. 2010-ஆம் ஆண்டில் எல்லைப் பாதுகாப்புப் படையின் ஓய்வுபெற்ற வீரர் ஒருவருக்கு, அவர் பணியாற்றிய படையையே குறைகூறி கனடா தூதரகம் விசா மறுத்தது. இந்தியா கடும் கண்டனம் தெரிவித்ததையடுத்து, அப்போதைய கனடா குடியேற்றத் துறை அமைச்சர் ஜேசன் கென்னி வருத்தம் தெரிவித்தார். விவரங்களை மறைப்பது விண்ணப்பத்துக்கு மேலும் கேடாகவே முடியும்.

பிரிட்டன்

பணியாற்றிய பின் வசிப்புரிமை என்ற நடைமுறை தெளிவாக உள்ள நாடு பிரிட்டன். காமன்வெல்த் நாடுகளின் குடிமக்களும் நேபாளத்தின் கூர்க்காக்களும் அந்நாட்டுப் படைகளில் சேரலாம். பணியில் இருக்கும்வரை குடியேற்றக் கட்டுப்பாட்டிலிருந்து அவர்களுக்கு விலக்கு உண்டு, விசா தேவையில்லை. 4 ஆண்டுகள் பணியாற்றி, நன்னடத்தையுடன் விடுவிக்கப்படுவோர் காலவரையற்ற வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.

சிக்கல் எழுவது பணியிலிருந்து விடுபடும் நாளில்தான். அன்றே விலக்கும் முடிவுக்கு வந்துவிடுகிறது. வசிப்புரிமை தானாகக் கிடைப்பதில்லை. பணி முடிவதற்கு 18 வாரங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்றாலும், பலர் அதை அறியாமல் விட்டுவிடுகின்றனர். பிஜியைச் சேர்ந்த முன்னாள் வீரர்கள் 8 பேர், இது குறித்துத் தங்களுக்கு முறையாக வழிகாட்டப்படவில்லை என 2020-இல் வழக்குத் தொடுத்தனர். அவர்களில் ஆப்கானிஸ்தானில் போரிட்டவர்களும் இருந்தனர். வழக்கில் அவர்களுக்கு வெற்றி கிட்டவில்லை.

கட்டணமும் பெருஞ்சுமை. 2022-இல் ஒருவருக்கு 2,389 பவுண்டு வசூலிக்கப்பட்டது. மனைவி, இரு குழந்தைகளுடன் ஒரு வீரர் விண்ணப்பித்தால் ஏறத்தாழ 9,500 பவுண்டு. 6 ஆண்டுகள் பணியாற்றியவர்களுக்கும், பணியின்போது ஏற்பட்ட பாதிப்பால் மருத்துவக் காரணங்களுக்காக விடுவிக்கப்படுவோருக்கும் அந்த ஆண்டு ஏப்ரல் முதல் கட்டணம் தள்ளுபடி செய்யப்பட்டது. குடும்பத்தினருக்கு அச்சலுகை அப்போது அளிக்கப்படவில்லை.

கூர்க்காக்களுக்கு இந்த உரிமை எளிதில் கிடைத்துவிடவில்லை. 1947-இல் இந்தியா, பிரிட்டன், நேபாளம் இடையே ஏற்பட்ட உடன்பாட்டின்படி 10 கூர்க்கா ரெஜிமென்டுகளில் 6 இந்தியாவிடம் இருந்தன. 4 பிரிட்டனுக்குச் சென்றன. ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்ட 1997 ஜூலை 1-ஆம் தேதிக்குப் பிறகு ஓய்வுபெற்றோருக்கு மட்டும் வசிப்புரிமை என 2004-இல் பிரிட்டன் அரசு அறிவித்தது. அதற்கு முன் ஓய்வுபெற்ற முதியவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2008 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதன்பிறகும் அரசு கடும் நிபந்தனைகளை முன்வைக்க, 2009 ஏப்ரல் 29 அன்று நாடாளுமன்ற வாக்கெடுப்பில் 267-க்கு 246 என்ற கணக்கில் அரசு தோல்வியடைந்தது. நடிகை ஜோனா லம்லி முன்னின்று நடத்திய பிரசாரம் இதில் பெரும் பங்காற்றியது. அடுத்த மாதமே, 4 ஆண்டுகள் பணியாற்றிய அனைத்துக் கூர்க்காக்களுக்கும் உரிமை வழங்கப்பட்டது.

ஆஸ்திரேலியா, அமெரிக்கா

ஆஸ்திரேலியப் படைகளில் நியூசிலாந்து நாட்டவர் 2024 ஜூலை முதலும், பிரிட்டன், அமெரிக்கா, கனடா நாட்டவர் 2025 ஜனவரி முதலும் சேரலாம். ஆனால் அவர்கள் அங்கு ஏற்கெனவே நிரந்தர வசிப்புரிமையுடன் ஓராண்டாவது வாழ்ந்திருக்க வேண்டும். முந்தைய 2 ஆண்டுகளில் வேறு நாட்டுப் படையில் இருந்தவர்கள் இவ்வழியில் சேர முடியாது. அனுபவம் மிக்க வெளிநாட்டு வீரர்களை நேரடியாகச் சேர்க்கும் திட்டம் தனியாக உள்ளது. சேர்ந்தபின் 90 நாள் பணியிலேயே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். இந்தியா இந்தப் பட்டியலில் இல்லை.

அமெரிக்காவில் ‘கிரீன் கார்டு’ இருந்தால்தான் படையில் சேர முடியும். ஓராண்டு பணிக்குப் பின் குடியுரிமை கோரலாம். கிரீன் கார்டு இல்லாத, மொழித்திறனும் மருத்துவத் திறனும் உள்ளவர்களைச் சேர்த்த ‘மாவ்னி’ திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இடம்பெற்றிருந்தது. 2016-க்குப் பிறகு அத்திட்டத்தில் ஆள்சேர்ப்பு நடைபெறவில்லை.

ரஷியா

ரஷியா 2022-இல், ஓராண்டு ஒப்பந்தத்தில் படையில் சேரும் வெளிநாட்டவருக்கு எளிதில் குடியுரிமை வழங்கச் சட்டம் இயற்றியது. உதவியாளர், சமையலர் வேலை என்று நம்பிச் சென்ற இந்தியர்கள் சிலர் உக்ரைன் போர்முனைக்கு அனுப்பப்பட்டனர். ஆள்கடத்தல் தொடர்பாக 2024 மார்ச்சில் சிபிஐ வழக்குப் பதிந்தது. ரஷிய ராணுவத்தில் இருந்த 126 இந்தியர்களில் 96 பேர் திரும்பிவிட்டதாகவும், 12 பேர் உயிரிழந்ததாகவும், 16 பேரைக் காணவில்லை என்றும் வெளியுறவு அமைச்சகம் 2025 ஜனவரியில் தெரிவித்தது. எந்த ஒப்பந்தமாயினும், அது அயல்மொழியில் இருந்தால் மொழிபெயர்ப்பைப் படிக்காமல் கையொப்பமிடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

இந்தியச் சட்டம்

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவின்படி, தாமாக முன்வந்து வேறு நாட்டின் குடியுரிமையைப் பெறுபவர் அந்த நேரமே இந்தியக் குடியுரிமையை இழக்கிறார். இவ்வாறு வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினர் பெரும்பாலும் ‘ஓசிஐ’ அட்டை பெற்று, விசா இன்றி இந்தியா வந்து செல்கின்றனர்.

படைவீரர்களுக்கு அந்த வழியும் இல்லை. வெளிநாட்டு ராணுவத்தில் பணியில் இருப்போரும், ஓய்வுபெற்றோரும் ஓசிஐ அட்டை பெறத் தகுதியற்றவர்கள் என்பது உள்துறை அமைச்சகத்தின் விதி. பிரிட்டன் படையில் 4 ஆண்டுகள் பணியாற்றி, வசிப்புரிமையுடன் நிறுத்திக்கொள்ளும் இந்தியருக்கு இதனால் பாதிப்பில்லை. ஆனால், அவர் பிரிட்டனுக்கு வெளியே தொடர்ந்து 2 ஆண்டுகளுக்கு மேல் தங்கினால் அந்த உரிமை காலாவதியாகும். குடியுரிமையும் பெற்றுவிட்டால், சொந்த ஊருக்குப் பெற்றோரைக் காண வருவதற்கும் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.