சாவியும் குருசடியும்: குமரிக் கரையில் போர்த்துக்கீசியம்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரை, இலத்தீனிலிருந்து கிளைத்த மொழியொன்று தமிழோடு அன்றாடம் பழகத் தொடங்கிய இடங்களுள் ஒன்று. முத்துக்குளித்துறைப் பரதவர் 1530-களில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கிறித்தவம் தழுவினர். 1542-இல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், 1544-இன் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையின் முக்குவர் ஊர்களுக்குச் சென்று, ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்ததாகக் கடிதம் எழுதினார். அவருடைய தாய்மொழி போர்த்துக்கீசியம் அன்று, பாஸ்க். ஆயினும் கப்பலிலும் சந்தையிலும் கோவிலிலும் இக்கரை கேட்ட ஐரோப்பிய மொழி போர்த்துக்கீசியமே.

ரோமான்ஸ் மொழிகள் எனப்படும் போர்த்துக்கீசியம், ஸ்பானியம், பிரெஞ்சு, இத்தாலியம், ருமேனியம் முதலியவை நூல்வழக்கு இலத்தீனிலிருந்து பிறந்தவையல்ல. படைவீரரும் வணிகரும் உழவரும் பேசிய இலத்தீன், பேரரசு சிதைந்தபின் வட்டாரந்தோறும் வேறுவேறாகத் திரிந்து உருவானவை. அத்திரிபில், பெயரின் ஈற்றில் நின்ற வேற்றுமை உருபுகள் பெரும்பாலும் தேய்ந்து, பெயருக்கு முன் நிற்கும் சிறு சொற்கள் அவற்றின் வேலையை ஏற்றன. ஒலிகளும் நாட்டுக்கு நாடு மாறின. சாவியைக் குறிக்கும் இலத்தீன் ‘கிளாவெம்’, இத்தாலியத்தில் ‘கியாவே’ என்றும், ஸ்பானியத்தில் ‘யாவே’ என்றும், பிரெஞ்சில் ‘கிளே’ என்றும் ஆயிற்று. போர்த்துக்கீசியத்திலோ சொல்முதல் ‘கிள’ மெய்ம்மயக்கம் சகரமாகி ‘சாவே’ என நின்றது. தமிழின் ‘சாவி’ எக்கிளையிலிருந்து வந்தது என்பதற்கு அம்முதலெழுத்தே சான்று. ‘ஜன்னல்’ என்பதும் அத்தகையதே: இத்தாலியமும் பிரெஞ்சும் சாளரத்துக்கு இலத்தீனின் ‘பெனெஸ்த்ரா’வைத் தொடர, போர்த்துக்கீசியம் மட்டும் கதவைக் குறித்த பழஞ்சொல் ஒன்றின் குறுமை வடிவிலிருந்து ‘ஜனேலா’வை ஆக்கிக்கொண்டது.

இச்சொற்களைத் தமிழ் ஏற்ற முறை, கடன் வாங்கிய மொழியின் வலிமையைக் காட்டுகிறது. வடசொல்லின் ஆகார ஈற்றை ஐகாரமாக்கிப் பழகிய தமிழ், ‘மேசா’வை மேசையாகவும் ‘துவால்யா’வைத் துவாலையாகவும் மாற்றியது, எகர ஈற்றை இகரமாக்கி, மெய்ம்மயக்கத்தை உயிரால் பிரித்து, ‘பாத்ரே’யைப் பாதிரியாக்கியது. இலத்தீனின் பல ஈறுகள் போர்த்துக்கீசியத்தில் ஒன்றுகூடி மூக்கொலியுடன் முடியும் ‘-ஆவ்ன்’ என்ற ஈறாயின. தமிழ் அதைத் தன் னகர, மகர ஈறுகளில் அடக்கியதால் பொத்தானும் பட்டாளமும் ஏலமும் கிடைத்தன. சிலுவையைக் குறிக்கும் ‘குருஸ்’ குற்றியலுகரம் பெற்றுக் ‘குருசு’ ஆனதோடு நில்லாமல், ‘அடி’ என்னும் தமிழ்ச் சொல்லைக் கூட்டிக் ‘குருசடி’ என்றும் வளர்ந்தது. குமரி மாவட்டத்தின் வழியோரங்களில் அப்பெயர் இன்றும் வழங்குகிறது. மேசையும் சாவியும் போர்த்துக்கீசியத்தில் பெண்பால். தமிழுக்குள் வந்ததும் அவை அஃறிணையாயின. வந்தவை பெரும்பாலும் பெயர்களே. செயலைக் குறிக்க வேண்டியபோது தமிழ் தன் வினையையே துணைசேர்த்து ‘ஏலம் விடு’, ‘இஸ்திரி போடு’ என்றது. வினைத்திரிபின் கட்டமைப்பு அசையவில்லை.

கொடுத்ததும் உண்டு. கட்டுமரம், கஞ்சி, தேக்கு ஆகியவை போர்த்துக்கீசிய அகராதியில் இடம்பெற்றுள்ளன. குமரி மாவட்டத்தார் பலாவுக்கு வழங்கும் ‘சக்கை’, மலையாளக் கரை வழியே ‘ஜாக்கா’ எனச் சென்று பிரேசில் வரை பரவியது.

சொற்களைவிட ஆழமான சந்திப்பு இலக்கணத்தில் நிகழ்ந்தது. போர்த்துக்கீசிய இயேசு சபைத் துறவி அந்திரிக்கே அந்திரிக்கசு, முத்துக்குளித்துறையின் புன்னைக்காயலில் தங்கி, 1549 அளவில் தமிழுக்குப் போர்த்துக்கீசியத்தில் ஓர் இலக்கணம் எழுதினார். தமிழை அன்றைய ஐரோப்பியர் ‘மலபார்’ என்றதால் அந்நூலும் மலபார் மொழிக் கலை என்றே பெயர் பெற்றது. இலத்தீன் இலக்கணம் அறியாதவர் ஜோவாம் தெ பாரோஸ் 1540-இல் வெளியிட்ட போர்த்துக்கீசிய இலக்கணத்தையாவது படித்துவிட்டு வருமாறு அவர் கூறுகிறார். பாரோஸ், வேற்றுமை உருபுகளை இழந்துவிட்ட தம் மொழியை இலத்தீனின் ஆறு வேற்றுமைச் சட்டத்துள் வலிந்து பொருத்தியவர். அச்சட்டத்தைத் தமிழுக்குக் கொணர்ந்தபோதோ, பெயரின் ஈற்றில் உருபு ஏற்கும் உயிருள்ள மொழியொன்று எதிரே நின்றது. இலத்தீனின் மகளைவிட அதற்கு உறவே இல்லாத தமிழ், இவ்வொரு கூற்றில் இலத்தீனை நெருங்கியிருந்தது. தமிழ் மரபு எட்டு வேற்றுமை கூறும் என்பதும், விளித்தலைத் தனி வேற்றுமையாகத் தமிழ், இலத்தீன் ஆகிய இரு மரபுகளும் கொண்டிருப்பதும் இங்கு நினைக்கத்தக்கவை.

அந்திரிக்கசின் முயற்சியால் 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சேறியதைத் தமிழுலகம் நன்கறியும். இலக்கணமோ அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. அது மிகப்பெரிய இழப்பு. நன்னூலும் அதன் உரைகளும் செய்யுளுக்கும் புலவர் வழக்குக்கும் விதி வகுத்த மரபில், அந்நூல் கடற்கரை மக்கள் வாயிலிருந்து கேட்ட சொற்களையும் வினைமுற்றுகளையும் பேச்சில் ஒலித்தவாறே பதிவு செய்தது. அதன் கையெழுத்துப்படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் உள்ளது. 1982-இல் அது அச்சில் வந்தது, 2013-இல் வி. எஸ். ராஜமும் ஜீன் ஹைனும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டனர். தமிழ் மொழி வரலாறு எழுதுவோருக்குப் பதினாறாம் நூற்றாண்டுப் பேச்சுத்தமிழின் இலக்கணத்தை இத்தனை விரிவாகத் தரும் ஆவணம் அரிது. அதைத் தந்தவர்கள் முத்துக் குளித்தும் வலை வீசியும் வாழ்ந்த மக்கள்.