நாய் உணவு: கையைக் கடிக்காமல் வாங்குவது எப்படி?

தோட்டத்து லயன் வீடானாலும் பட்டணத்துத் தாமான் வீடானாலும், வாசலில் ஒரு நாய் படுத்திருப்பது நம்மவர் வீடுகளில் பழகிய காட்சி. வீட்டில் உள்ளவர்கள் சாப்பிட்டு முடித்ததும், மிஞ்சிய சோற்றில் குழம்பை ஊற்றி, கோழி எலும்பையும் சேர்த்துப் பிசைந்து ஒரு பழைய தட்டில் வைப்பதும் அப்படித்தான். அண்மைக் காலமாகப் பலர் கடை உணவுக்கு மாறி வருகிறார்கள். ஆனால், விலைவாசி ஏறிக் கிடக்கும் இந்த நேரத்தில் பேரங்காடி அலமாரியின் முன் நின்றால், எந்தப் பையை எடுப்பது என்ற குழப்பம் வந்துவிடுகிறது. பெடிகிரி, அல்போ, ஸ்மார்ட்ஹார்ட் என்று வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை.

குறைந்த செலவில் நாய்க்கு நல்ல சாப்பாடு கொடுக்க முடியும். அதற்குத் தெரிந்திருக்க வேண்டிய சில கணக்குகளும், தவிர்க்க வேண்டிய சில பழக்கங்களும் இங்கே.

விலையை எப்படி ஒப்பிடுவது?

பையின் விலையை மட்டும் பார்த்து ஒப்பிட்டால் ஏமாந்து போவோம். முதலில் கிலோ விலையைக் கண்டுபிடிக்க வேண்டும். அதோடு நிற்காமல், நம் நாய்க்கு அந்த உணவு ஒரு நாளைக்கு எத்தனை கிராம் தேவை என்றும் பார்க்க வேண்டும். சத்து அடர்த்தியாக உள்ள உணவில் குறைந்த அளவே போதும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். உங்கள் நாய் 10 கிலோ எடை கொண்டது, அதற்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 630 கலோரி தேவை என்று வைத்துக்கொள்வோம். முதல் பையில் கிலோ 8 வெள்ளி, 100 கிராமுக்கு 300 கலோரி. இரண்டாவது பையில் கிலோ 10 வெள்ளி, 100 கிராமுக்கு 380 கலோரி. முதல் உணவில் நாளொன்றுக்கு 210 கிராம் கொடுக்க வேண்டும். செலவு 1 வெள்ளி 68 சென். இரண்டாவதில் 166 கிராம் போதும். செலவு 1 வெள்ளி 66 சென். கடையில் கிலோவுக்கு 2 வெள்ளி கூடுதலாகத் தெரிந்த உணவுக்கும் மலிவாகத் தெரிந்த உணவுக்கும் மாதச் செலவு ஏறக்குறைய 50 வெள்ளிதான்.

எல்லாப் பைகளிலும் கலோரி அளவு அச்சிடப்படுவதில்லை. ஆனால், பின்பக்கத்தில் நாயின் எடைக்கு ஏற்ப எத்தனை கிராம் கொடுப்பது என்ற அட்டவணை பெரும்பாலும் இருக்கும். அந்தக் கிராம் அளவைக் கிலோ விலையால் பெருக்கி, 1000த்தால் வகுத்தால் ஒரு நாள் செலவு கிடைத்துவிடும். கைப்பேசியில் அரை நிமிட வேலை.

டின் உணவை ஒப்பிடும்போது கூடுதல் கவனம் வேண்டும். அதில் முக்கால் பங்குக்கும் மேல் தண்ணீர். 400 கிராம் டின்னில் பெரும்பாலும் 300 கிராமுக்கு மேல் ஈரப்பதமே இருக்கும். 10 கிலோ நாய்க்கு டின் உணவு மட்டுமே கொடுப்பதானால் நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு டின் தேவைப்படும். செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு உலர் உணவே ஏற்றது. சாப்பிட அடம்பிடிக்கும் நாய்க்கு மேலே ஒரு கரண்டி டின் உணவைக் கலந்து கொடுக்கலாம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

100 கிராமுக்கு 350 கலோரி தரும் சாதாரண உலர் உணவு என்றால், கருத்தடை செய்யப்பட்ட, வளர்ந்த நாய்க்கு ஒரு நாள் அளவு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

5 கிலோ நாய்: 110 கிராம்
10 கிலோ நாய்: 180 கிராம்
15 கிலோ நாய்: 245 கிராம்
20 கிலோ நாய்: 300 கிராம்

இதைக் காலை, மாலை என இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். அதிகம் ஓடியாடும் நாய்க்குக் கொஞ்சம் கூடும். கட்டியே கிடக்கும் நாய்க்கும் வயதான நாய்க்கும் குறையும். விலா எலும்பைத் தடவிப் பார்த்தால் கைக்குத் தட்டுப்பட வேண்டும், ஆனால் துருத்திக்கொண்டு தெரியக்கூடாது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும். அப்படி இருந்தால் அளவு சரி.

கண்ணளவில் அள்ளிப் போடுவதுதான் பலர் செய்யும் வீண்செலவு. முதல் நாள் தராசில் நிறுத்து, ஒரு பழைய குவளையில் கோடு போட்டு வைத்துக்கொண்டால் பிறகு கவலையில்லை.

பையில் என்ன எழுதியிருக்கிறது?

முதலில் தேட வேண்டியது ‘கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்ட்’ என்ற சொற்கள். அந்த உணவை மட்டுமே கொடுத்தாலும் நாய்க்குத் தேவையான சத்துகள் கிடைக்கும் என்பது அதன் பொருள். ‘காம்ப்ளிமென்டரி’, ‘ட்ரீட்’ என்று இருந்தால் அது துணை உணவு. அதையே முழுச் சாப்பாடாகக் கொடுக்க முடியாது.

அடுத்தது புரதம். பல நாடுகளில் பின்பற்றப்படும் அமெரிக்காவின் ‘ஆஃப்கோ’ அளவுகோலின்படி, ஈரப்பதத்தை நீக்கிக் கணக்கிட்டால் வளர்ந்த நாயின் உணவில் குறைந்தது 18 விழுக்காடும், குட்டியின் உணவில் குறைந்தது 22.5 விழுக்காடும் புரதம் இருக்க வேண்டும். டின்னில் புரதம் 8 விழுக்காடு என்று இருப்பதைப் பார்த்து மட்டமான உணவு என்று நினைக்க வேண்டாம். 80 விழுக்காடு தண்ணீர் உள்ள டின்னில் 8 விழுக்காடு புரதம் என்றால், தண்ணீரை நீக்கிய பிறகு அது 40 விழுக்காடு.

நம் வீடுகளில் இன்னொரு கேள்வியும் எழும். மாட்டிறைச்சி சேர்க்காத குடும்பங்கள், பையின் முன்பக்கம் கோழிப் படம் இருக்கிறதே என்று நம்பி வாங்கிவிடக்கூடாது. ‘பீஃப்’, ‘டாகிங் லெம்பு’ என்ற சொற்கள் உள்ளடக்கப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ‘மீட் அண்ட் போன் மீல்’ என்று பொதுவாகப் போட்டிருந்தால் எந்த விலங்கின் இறைச்சி என்று அதிலிருந்து சொல்ல முடியாது. ‘சிக்கன் மீல்’, ‘ஃபிஷ் மீல்’, ‘லேம்ப் மீல்’ என்று பெயர் குறிப்பிட்டிருந்தால் தெளிவு.

பிரித்துக் கட்டிய பொட்டலம் வேண்டாம்

சில கடைகளில் பெரிய மூட்டையைப் பிரித்து, வெறும் பிளாஸ்டிக் பையில் கிலோ கணக்கில் கட்டி விற்கிறார்கள். விலை குறைவுதான். ஆனால் என்ன உணவு, எப்போது காலாவதியாகிறது, மூட்டை திறந்து எத்தனை நாளாகிறது என்று எதுவும் தெரியாது. நம் நாட்டு வெப்பத்துக்கும் ஈரத்துக்கும், திறந்து கிடக்கும் உணவின் கொழுப்பு விரைவில் சிக்கு வாடை அடித்துவிடும், பூஞ்சையும் பிடிக்கும்.

சோளம் போன்ற தானியங்களில் வளரும் சிலவகைப் பூஞ்சைகள் ‘அஃப்லாடாக்சின்’ என்ற நஞ்சை உண்டாக்குகின்றன. அது நாயின் கல்லீரலைக் கெடுக்கும். 2020 இறுதியில் அமெரிக்காவில் இந்த நஞ்சு கலந்த நாய் உணவு சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாக அங்குள்ள உணவு, மருந்து நிர்வாகம் தெரிவித்தது. பூத்துப்போன அரிசி, சோளம், கச்சானை ‘நாய்க்குத்தானே’ என்று கொடுப்பதும் இதே ஆபத்துதான்.

பெரிய பை மலிவு என்பது உண்மை. ஆனால் திறந்த பையை நாலு முதல் ஆறு வாரத்துக்குள் முடிப்பது நல்லது. 10 கிலோ எடையுள்ள ஒரு நாய் மாதத்துக்கு ஏறக்குறைய 5.4 கிலோ உணவே சாப்பிடும். 10 கிலோ பை வாங்கினால் இரண்டு மாதத்துக்கு இழுக்கும். இதற்குப் பக்கத்து வீட்டோடு கூட்டுச் சேர்வதே சிறந்த வழி. இரண்டு வீட்டார் சேர்ந்து ஒரு பெரிய பை வாங்கி, திறந்த அன்றே பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். காலாவதித் தேதியையும் பின்பக்க அட்டவணையையும் இருவரும் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இணையக் கடைகளில் 11.11 போன்ற மலிவு விற்பனையின்போது வாங்குபவர்கள், பை கைக்கு வந்ததும் காலாவதித் தேதியைப் பார்ப்பது அவசியம்.

உணவை இறுக்கமாக மூடும் வாளியில் வையுங்கள். திறந்து வைத்தால் எலி வரும். எலியின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், வீட்டிலுள்ளவர்களுக்கும் வரும். நாய் தின்று மிச்சம் வைத்ததை இரவு முழுதும் வாசலில் விட்டு வைக்காதீர்கள். செம்பனைத் தோட்டங்களில் எலி மருந்து வைப்பதுண்டு. சரியாகச் சாப்பாடு கிடைக்காமல் தோட்டத்துக்குள் இரை தேடிப் போகும் நாய், அந்த மருந்தையோ மருந்து தின்ற எலியையோ தின்றுவிடலாம்.

சோறும் கோழியும் மட்டும் போதுமா?

சோறு நாய்க்குக் கெடுதல் இல்லை. நன்றாக வெந்த சோறு எளிதில் செரிக்கும். ஆனால் சோறும் எலும்பில்லாக் கோழியும் மட்டும் தினமும் கொடுத்தால் கால்சியம் போதாது. துத்தநாகம், அயோடின், சில உயிர்ச்சத்துகளும் குறையும். முட்டை ஓட்டைக் காயவைத்துப் பொடித்துச் சேர்த்தால் கால்சியம் கிடைக்கும், மற்றவை கிடைக்காது. வீட்டுச் சமையலையே முழு உணவாகக் கொடுக்க நினைப்பவர்கள், கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டுச் செய்வதே சரி.

குட்டிகளுக்கு இது இன்னும் முக்கியம். நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் தோட்ட வீட்டில் ஒரு குட்டி வளர்ந்தது. தினமும் சோறும் கோழித் துண்டும்தான். நாலாவது மாதம் முன்னங்கால்கள் வளைந்து, நடக்கவே சிரமப்பட்டது. நாங்கள் குறைவைத்ததாக நினைக்கவே இல்லை. வீட்டில் மற்றவர்களுக்கு வைப்பதற்கு முன் அதற்குத்தான் கோழி எடுத்து வைப்பார் பாட்டி. எலும்புக்குச் சத்தில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் புரிந்தது.

கையில் காசு குறைவாக இருந்தால், வளர்ந்த நாயின் செலவைச் சமாளித்துக்கொள்ளலாம். குட்டியின் உணவில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ‘பப்பி’ என்று குறிப்பிட்ட முழு உணவையே கொடுங்கள். அதற்கு மேல் தனியாகக் கால்சியம் மாத்திரை தேவையில்லை. பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் மிகுந்தாலும் எலும்பு கெடும்.

குழம்பும் எலும்பும்

நம் சமையலில் வெங்காயமும் பூண்டும் இல்லாத குழம்பு அரிது. இரண்டுமே நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. உடல் எடையில் 0.5 விழுக்காடு வெங்காயம், அதாவது 10 கிலோ நாய்க்கு 50 கிராம், ஆபத்தை உண்டாக்கக்கூடிய அளவு. கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் சேர்ந்தாலும் பாதிக்கும். ‘இத்தனை வருடமாகக் குழம்புச் சோறுதான் போடுகிறோம், ஒன்றும் ஆகவில்லையே’ என்பவர்கள் உண்டு. பாதிப்பு உடனே தெரியாது. சில நாள் கழித்துத்தான் நாய் சோர்ந்து போகும், ஈறு வெளுக்கும், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும்.

வெந்த கோழி எலும்பு கூர்மையான சிம்புகளாக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். அறுவை சிகிச்சை வரை போனால், மாதக்கணக்கில் உணவில் மிச்சம் பிடித்த காசு ஒரே நாளில் போய்விடும். எலும்பு தின்ற நாய் வாந்தி எடுத்தால், மலம் கழிக்க முக்கினால், சாப்பிட மறுத்தால் காத்திருக்கக்கூடாது.

இவையும் வேண்டாம்: சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, ‘சைலிடால்’ சேர்த்த சர்க்கரையில்லா மிட்டாய். தீபாவளி நேரத்தில் பாயசம், கேசரியில் உள்ள உலர்திராட்சையை மறந்துவிடுகிறோம். மைலோவிலும் கொக்கோவும் சர்க்கரையும் உண்டு. நாய்க்கு மைலோ என்று பெயர் வைக்கலாம். மைலோ கலக்கிக் கொடுக்க வேண்டாம்.

மலிவான தின்பண்டங்கள்

தின்பண்டம் ஒரு நாள் கலோரியில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 10 கிலோ நாய்க்கு அது ஏறக்குறைய 60 கலோரி. ஓர் அவித்த முட்டையே 70 கலோரி ஆகிவிடும், பாதி போதும். பல் சுத்தம் செய்யும் குச்சிகளுக்கும் கலோரி உண்டு, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தோலில் செய்த மெல்லும் எலும்புகளைச் சில நாய்கள் பெரிய துண்டாக விழுங்கித் திணறுவதுண்டு. பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் கொடுங்கள்.

பாசாரில் வாங்கும் பொருளே நல்ல தின்பண்டம். கேரட், வெள்ளரி, அவித்த பூசணி, அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, விதை நீக்கிய பப்பாளி, தர்பூசணி ஆகியவை ஏற்றவை. உப்பு, மசாலா இல்லாமல் அவித்து முள் எடுத்த கெம்போங் மீன் கொடுக்கலாம். அவித்த கோழி ஈரல் நாய்களுக்கு உயிர். ஆனால் உயிர்ச்சத்து ‘ஏ’ மிகுந்தது என்பதால் வாரம் ஓரிரு முறை சிறு துண்டு போதும். எல்லாவற்றையும் விரல் நுனி அளவுக்கு நறுக்கி உறைபெட்டியில் வைத்தால் ஒரு வாரத்துக்கு வரும். பழக்கும்போது நாய்க்கு எத்தனை முறை கிடைக்கிறது என்பதே பெரிது, துண்டின் அளவு இல்லை.

உணவை மாற்றும்போது

மலிவு விலையில் கிடைக்கிறதே என்று ஒரே நாளில் உணவை மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும். ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, பழைய உணவில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கலக்குங்கள். உலர் உணவு சாப்பிடும் நாய்க்கு எப்போதும் பக்கத்தில் சுத்தமான தண்ணீர் இருக்க வேண்டும்.

வளர்க்கும் விலங்குக்கு ஏற்ற உணவு கொடுப்பதை, நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் உரிமையாளரின் கடமையாகவே வைத்துள்ளது. உணவு குறித்துச் சந்தேகம் இருந்தால், பக்கத்துக் கால்நடை மருத்துவரிடமோ மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்திலோ கேட்கலாம்.

கடைக்குப் போகும்போது பார்க்க வேண்டியவை:

1. நாயின் எடை என்ன? தெரியாவிட்டால், நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.
2. ‘கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்ட்’ என்று இருக்கிறதா? குட்டிக்கா, வளர்ந்த நாய்க்கா?
3. கிலோ விலை என்ன? ஒரு நாளைக்கு எத்தனை கிராம்? ஒரு நாள் செலவு என்ன?
4. காலாவதித் தேதிக்குள், திறந்து ஆறு வாரத்துக்குள் தீருமா? தீராது என்றால் பங்குக்கு யார் வருவார்கள்?