விளம்பரம் விற்கும் நிறம்

பத்திரிகை விளம்பரம் சரக்கை விற்கும்போது, கூடவே ஒரு கருத்தையும் விற்கிறது. சரக்குக்கு விலை குறித்திருப்பார்கள். கருத்து விலையின்றி வீட்டினுள் நுழைந்து குடியேறிவிடும். அதற்கு நாம் பிறகு கொடுக்கும் விலை என்ன?

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் பியர்ஸ் சோப்பின் விளம்பரப் படம் ஒன்று வெளிவந்தது. வெள்ளைக் குழந்தையொன்று கறுப்புக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறது. குளித்தெழுந்த குழந்தையின் உடல் வெளுத்திருக்கிறது. கறுப்பு என்பது கழுவ வேண்டிய அழுக்கு என்பதே அப்படம் சொல்லாமல் சொன்ன செய்தி. பிற நாடுகளை அடிமைகொண்டோருக்கு அச்செய்தி மிகவும் ஏற்றதாயிருந்தது.

1917-இல் பியர்ஸ் நிறுவனத்தை லீவர் சகோதரர்கள் வாங்கினர். அவர்கள் வழிவந்த யூனிலீவரின் இந்தியக் கிளைகள் 1956-இல் ஒன்றிணைந்து இந்துஸ்தான் லீவர் ஆயின. அந்நிறுவனம் 1975-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் களிம்பை அறிமுகம் செய்தது.

அதற்குள் வெள்ளையர் ஆட்சி நம் மண்ணிலிருந்து அகன்றிருந்தது. 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூரை அடுத்த கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினர். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் முதல் நாள் பிரெஞ்சு நிர்வாகம் விடைபெற்றது. ஆனால் வெள்ளை நிறத்தின் ஆட்சி விடைபெற்றதா?

களிம்பு விளம்பரத்தில் ஒரே பெண்ணின் முகம் வரிசையாக அச்சாகியிருக்கும். முதல் முகம் கறுத்து வாடியது. கடைசி முகம் வெளுத்து மலர்ந்தது. வேலையும் நல்ல வரனும் வெளுத்த பிறகே வரும் என்பது குறிப்பு. புதுச்சேரியின் நெற்களஞ்சியமாகிய பாகூரில் வெயிலில் நின்று பயிர் வளர்த்தவரின் மகளுக்கு, அந்த உழைப்பின் நிறமே குறை என்று அது கற்பித்தது. அதே நிறுவனத்தின் தொழிற்சாலையொன்று வில்லியனூர்ப் பகுதியின் வடமங்கலத்தில் உள்ளது. அது ஊருக்கு வேலை தந்ததை மறுப்பதற்கில்லை. விளம்பரம் தந்த தாழ்வுணர்ச்சியையும் மறுப்பதற்கில்லை.

கருநிறத்தவரை வாழ்வில் தோற்றவராகக் காட்டலாகாது என்று 2014-இல் இந்திய விளம்பரத் தரக் குழு விதி வகுத்தது. 2020-இல் உலகெங்கும் நிறவெறிக்கு எதிரான குரல் எழுந்தபோது, களிம்பின் பெயர் 'குளோ அண்ட் லவ்லி' என மாறியது. பெயர் மாறிற்று, நம் பார்வை மாறிற்றா?

'மணமகள் தேவை' விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். 'மார்க்கப்பற்றும் நல்ல நிறமும் உள்ள பெண்' என்று எழுதுகிறோம். இதை எந்தக் கம்பெனியும் எழுதித் தரவில்லை, நாமே எழுதுகிறோம். 'நல்ல நிறம்' என்றால் கெட்ட நிறமும் ஒன்று உண்டு என்றாகிறது. நிறம் குறைந்தால் நகை கூட வேண்டும் என்ற பேரமும் அங்கேதான் பிறக்கிறது. இலவசமாக வந்த கருத்துக்கு ஏழைத் தகப்பன் பவுன் கணக்கில் விலை கொடுக்கிறான்.

வெள்ளையருக்குக் கறுப்பரைவிட மேன்மை இல்லை. மேன்மை இறையச்சத்தால் மட்டுமே என்று இறுதி ஹஜ்ஜின்போது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். தொழுகைக்கு அழைக்கும் சிறப்பு கருநிறத்து பிலால் (ரலி) அவர்களுக்கே முதலில் கிடைத்தது. அந்த அழைப்பைக் கேட்டுத் தொழுதுவிட்டு வந்து, மருமகளின் நிறத்தை அளக்க உட்காருவது எவ்வகையில் பொருந்தும்?

கம்பெனி தன் களிம்பின் பெயரிலிருந்து ஒரு சொல்லை நீக்கிவிட்டது. நம் மண விளம்பரத்திலிருந்து ஒரு சொல்லை நீக்க நமக்குச் சட்டமும் தேவையில்லை, விதியும் தேவையில்லை. ஒரு பேனா போதும்.