காலணியும் கதவும்

1873ஆம் ஆண்டு வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பிய முறைக் காலணி அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். இந்தியர் அப்படி வரக்கூடாது என்றார் நீதிபதி. கழற்ற மறுத்த வழக்கறிஞர்மீது நடவடிக்கை பாய்ந்தது. அதே காலணியோடு வரும் ஐரோப்பியரை யாரும் தடுக்கவில்லை. இருவரும் வாதாடிய சட்டம் ஒன்றுதான். காலின் நிறம்தான் வேறு.

உழவர்கரையில் வாழும் எனக்கு இது எங்கள் ஊர்க் கதை. நம்மவர் ஒருவர் வென்ற கதையாகவே இதைப் பெருமையோடு சொல்லி வருகிறோம். நான் இதை வேறொரு கேள்வியோடு படிக்கிறேன்: இழிவுசெய்தவரே நீதியின் நாற்காலியில் இருந்தால் முறையீட்டை எங்கே கொண்டுபோவது?

இதற்கு இரண்டாண்டுகள் முன்பே, 1871இல், பிரெஞ்சிந்திய ஆண்கள் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்றிருந்தார்கள். அந்த நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்பத் தகுதி உண்டு, உள்ளூர் நீதிமன்றத்தில் காலணி அணியத் தகுதி இல்லை. இந்த முரணை மறைக்க வழக்கம் என்ற சொல் கைவசம் இருந்தது. இந்தியரின் சாதி, சமய வழக்கங்களைக் காப்பதாக 1819ஆம் ஆண்டின் ஆணை உறுதி கூறியிருந்தது. காப்பாகத் தந்த அந்தச் சொல்லையே அதிகாரம் வேலியாகவும் ஆக்கிக்கொள்ள முடிந்தது.

பொன்னுத்தம்பி பாரீசின் உச்ச மேல்முறையீட்டு மன்றம்வரை சென்று வென்றார். அந்த வெற்றி சிறியதல்ல. ஆனால் அங்கே போவதற்குப் பிரெஞ்சு மொழி, சட்டக் கல்வி, பணம், வேளாளக் குடியின் செல்வாக்கு எல்லாம் வேண்டியிருந்தன. சாட்சி சொல்ல வந்த ஒரு தலித் பெண்ணை அதே வாசலில் ஒருவர் அவமதித்திருந்தால் அவள் எந்தக் கப்பலில் ஏறியிருப்பாள்? சாதித் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கவைக்கப்பட்டவர்களுக்கு நீதிமன்ற வாசல் இரண்டாவது வாசல்தான். இன்னொன்றும் உண்டு. பாரீஸ் மன்றத்தின் வேலை கீழ்மன்றத்தின் முடிவை ரத்து செய்வது. முடிவெடுத்தவரைக் கூண்டில் ஏற்றுவதல்ல.

1881இல் வந்த ஆணை, இந்தியர் தம் தனிச்சட்ட நிலையைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வர வழி செய்தது. பொன்னுத்தம்பி முன்னின்று துறந்து, 'கதவு' என்று பொருள்படும் 'லப்போர்த்' என்ற பெயரைச் சூட்டிக்கொண்டார். ஆணும் பெண்ணும் துறக்கலாம் என்றது ஆணை. ஆயினும் கணவன் துறந்தால் அது மனைவியையும் சேர்த்தே கட்டுப்படுத்தியது; அவள் தனியே ஒப்பவேண்டியதில்லை. அவள் போய்ச் சேர்ந்த சட்டமோ, மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியவேண்டும் என்று 1938வரை எழுதிவைத்திருந்த சட்டம். பாரீசிலேயே 1897இல் ழான் ஷோவேன் என்ற பெண் வழக்கறிஞராக உறுதிமொழி ஏற்க வந்தபோது, பெண் என்பதால் மன்றம் மறுத்தது. 1900இல் புதுச் சட்டம் வந்த பிறகே அவருக்கு இடம் கிடைத்தது. காலணிக்குத் திறந்த கதவு பெண்ணுக்குத் திறக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின.

இன்று நம் கீழமை நீதிமன்றங்கள் சென்னை உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் உள்ளன. அரசியலமைப்பின் 235ஆம் பிரிவு அந்தப் பொறுப்பை உயர் நீதிமன்றங்களுக்கு அளிக்கிறது. அதாவது நீதித்துறை அலுவலர்மீது முறையிட வழி இருக்கிறது. மறுபக்கம், கடமையின்போது நல்லெண்ணத்தோடு செய்ததற்காக நீதிபதிமேல் வழக்குத் தொடுக்க முடியாதபடி காக்கும் 1850ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. அஞ்சாமல் தீர்ப்பு எழுத நீதிபதிக்கு அந்தக் காப்பு தேவை. நாற்காலியிலிருந்து இழிசொல் பேசுவதற்கும் அது காப்பாகிவிடக்கூடாது.

2024 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் இஸ்லாமியர் வாழும் பகுதியைப் பாகிஸ்தான் என்றதும், பெண் வழக்கறிஞரிடம் தரக்குறைவாகப் பேசியதும் நேரலைக் காட்சிகளால் வெளிவந்தன. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது; அவர் வருத்தம் தெரிவித்ததும் விசாரணை முடித்துவைக்கப்பட்டது. 1873இல் கப்பல் செய்த வேலையை இங்கே ஒரு கேமரா செய்தது. காட்சி இல்லாதிருந்தால் அந்தப் பெண்ணின் சொல்லை எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்?

அதனால்தான் சட்டம் படிக்கும் பெண்களிடம் ஒன்றை வலியுறுத்துகிறேன். மன்றத்தின் மாண்பு, வழக்கம் என்ற சொற்கள் உங்களை நோக்கி வந்தால், அவை யார்மேல் விழுகின்றன, யார்மேல் விழுவதில்லை என்று பாருங்கள். சொன்ன சொல்லை, நாளை, நேரத்தை, உடனிருந்தோரின் பெயர்களை அன்றே எழுதிவையுங்கள். எழுத்துமூலம் முறையிடுங்கள், தனியாகப் போகாமல் சேர்ந்து போங்கள். பொன்னுத்தம்பிக்குத் தனியாளாகவே பாரீஸ்வரை போக வசதி இருந்தது. நம்மில் பலருக்குச் சென்னைவரை போகவே துணை வேண்டும்.