மூன்றாம் பாலும் மூன்று வெள்ளைக்காரர்களும்

போன முறை பணவீக்கம் பற்றி எழுதிப் பாதிப் பேரைத் தூங்க வைத்துவிட்டேன். அதனால் இந்த முறை காதல். பயப்படாதீர்கள், சொந்தக் கதை எதுவும் இல்லை :-)

நமக்குக் காதல் பாட்டு என்றால் ஏன் இத்தனை பைத்தியம்? கொட்டிவாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஏறித் திருவான்மியூரில் இறங்குவதற்குள் குறைந்தது இரண்டு காதல் தோல்விப் பாட்டு காதில் விழுந்துவிடும். ஓட்டுபவருக்கு ஐம்பது வயது, பேரன் பேத்தி எடுத்தவர். இருந்தாலும் உருகுகிறார். நாம் இதைக் கவனிப்பதே இல்லை, பழகிவிட்டது. வெளியூர்க்காரனுக்குத்தான் இது வித்தியாசமாகப் படும். அப்படி வெளியிலிருந்து வந்தவர்கள் நம் காதல் பாட்டைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடல் சினிமாவில் தொடங்கித் திருக்குறளில் போய் நின்றது.

மெரினாவில் வரிசையாக நிற்கும் சிலைகளைப் பார்த்திருப்பீர்கள். 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டுக்காக வைத்தவை. அதில் மூன்று பேர் ஐரோப்பியர்கள்: வீரமாமுனிவர், கால்டுவெல், ஜி.யு.போப். கால்டுவெல்லை இன்னொரு நாள் பார்ப்போம், அவர் இலக்கண ஆள். மற்ற இருவரும் ஒரே புத்தகத்தைக் கையில் எடுத்து, ஒரே இடத்தில் எதிரெதிராக முடிவெடுத்தவர்கள்.

வீரமாமுனிவர் என்கிற பெஸ்கி இத்தாலிக்காரர், சேசு சபைப் பாதிரியார். தேம்பாவணி எழுதியவர், பரமார்த்த குரு கதையால் நம்மைச் சிரிக்க வைத்தவர். தமிழ் தெரியாதவர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. அவர் 1730-ல் குறளை லத்தீனில் மொழிபெயர்த்தார். அறத்துப்பால் 38 அதிகாரம், பொருட்பால் 70 அதிகாரம், ஆக மொத்தம் 108. அத்தோடு பேனாவை மூடிவிட்டார். காமத்துப்பாலின் 25 அதிகாரங்களைத் தொடவே இல்லை. 1330-ல் 250 குறள், அதாவது 18.8 சதவீதம். எங்கள் பாஷையில் சொன்னால், சொத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கைக் கணக்கிலிருந்தே தள்ளுபடி செய்துவிட்டார். துறவிக்கு அது ஆகாது என்று நினைத்திருக்கலாம். அவர் நிலைமையில் அது புரிகிறது.

அவருக்குப் பின் வந்த ட்ரூ விஷயத்தில்தான் எனக்குக் கோபம். 1840-லிருந்து குறளின் முதல் 63 அதிகாரங்களை ஆங்கிலத்தில் கொண்டுவந்த பாதிரியார் இவர். மூன்றாம் பாலைப் பற்றி அவர் சொன்னதன் சாரம் இது: எவ்வளவு தூய மனம் உள்ளவனும் அதைப் படித்துக் கெடாமல் இருக்க முடியாது, ஐரோப்பிய மொழி எதிலாவது பெயர்த்தால் பெயர்த்தவனுக்கே அவப்பெயர். சரி, விட்டுவிடுவது ஒரு விஷயம். படிக்காதே என்று மற்றவர்களுக்குப் பலகை மாட்டிவிட்டுப் போவது வேறு விஷயம் இல்லையா?

பலகை வேலை செய்தது. அதில் மாட்டியவர்களில் ஒருவர் போப். 1839-ல் பத்தொன்பது வயதில் தமிழ்நாட்டுக்கு வந்தவர். முன்னோர்கள் இப்படிச் சொல்லி வைத்ததால் சில வருடங்கள் மூன்றாம் பாலைப் படிக்காமலே இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். பிறகு ஒரு யோசனை வருகிறது. மனம் மாசில்லாமல் இருப்பதே அறம் என்று எழுதிய ஒரு ஆள், அதே புத்தகத்தின் கடைசியில் ஆபாசம் எழுதியிருப்பாரா? கேள்வி எவ்வளவு எளிமையாக இருக்கிறது பாருங்கள். ஆசிரியரின் நேர்மையை நம்பிப் புத்தகத்தைத் திறந்தார். 1886-ல் வந்த அவருடைய ஆங்கிலக் குறளில் 1330-ம் இருக்கிறது. அதே பதிப்பின் குறிப்புகளில் பெஸ்கியின் லத்தீனையும் எல்லிஸ் துரையின் ஆங்கிலத்தையும் சேர்த்தே அச்சிட்டார். தனக்கு முன்னால் பாதியில் நின்றவர்களையும் மரியாதையோடு உடன் அழைத்துப் போனது எனக்குப் பிடித்திருந்தது.

போப்புக்கு முன்பே ஒரு ஜெர்மானியர் இருந்தார், கார்ல் கிரவுல். லைப்சிக் மிஷனின் தலைவர். 1856-ல் ஜெர்மனில் வந்த அவருடைய குறளில் காமத்துப்பாலும் உண்டு. ஆகவே "பாதிரியார்கள் எல்லோரும் முகம் சுளித்தார்கள்" என்று மொத்தமாகச் சொல்வது தப்பு.

அப்படி என்னதான் இருக்கிறது அந்த 25 அதிகாரத்தில்? நானும் பள்ளியில் படித்ததில்லை, இப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். முதல் 7 அதிகாரம் களவு, அதாவது கல்யாணத்துக்கு முந்தைய காதல். மீதி 18 கற்பு, கல்யாணத்துக்குப் பிந்தையது. கணக்குப் போட்டால் 250-ல் 180 குறள் புருஷன் பெண்டாட்டி விவகாரம்! அதிலும் பெரும்பகுதி வெளியூர் போனவனை நினைத்து வீட்டிலிருப்பவள் ஏங்குவது. தூக்கம் வரவில்லை, சாயங்காலம் ஆனால் தாங்கவில்லை, கண் அழுகிறது, உடம்பு இளைத்து வளையல் கழல்கிறது, கனவில் மட்டும் வருகிறான். கடைசி மூன்று அதிகாரம் செல்லச் சண்டை. துபாயில் வேலை பார்க்கும் கணவனுக்காகக் காத்திருக்கும் எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் இது அன்றாடச் செய்தி. ட்ரூ பயந்த பூதம் இதுதான்.

இது வள்ளுவர் தனியாகச் செய்த காரியமும் இல்லை. சங்கப் பாடல்கள் மொத்தம் 2381 என்று எண்ணியிருக்கிறார்கள். அதில் 1862 அகப்பாடல்கள், அதாவது 78 சதவீதம். இன்றைய சினிமாப் பாட்டு ஆல்பத்தில் ஐந்துக்கு நான்கு காதல் பாட்டு என்று அலுத்துக்கொள்கிறோமே, விகிதம் இரண்டாயிரம் வருடமாக மாறவே இல்லை :-) இன்னொன்றும் மாறவில்லை. அகப்பாட்டில் தலைவன் தலைவிக்குப் பெயர் சொல்லக் கூடாது என்பது இலக்கண விதி. பெயர் இல்லாததால் யார் கேட்டாலும் அது அவரவர் கதையாகிவிடுகிறது. ஷேர் ஆட்டோக்காரர் உருகுவதற்குக் காரணமும் இதுதான் என்பது என் கட்சி.

இந்த விஷயம் வெளிநாட்டில் கௌரவமான பாடமாக ஆனது இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில். மைசூரில் பிறந்து சிகாகோவில் பாடம் நடத்திய ஏ.கே.ராமானுஜன் குறுந்தொகைப் பாடல்களை 1967-ல் ஆங்கிலத்தில் கொடுத்தார். செக் நாட்டுக் கமில் சுவலபில், அமெரிக்காவின் ஜார்ஜ் ஹார்ட் என்று ஆட்கள் வந்தார்கள். ஜப்பானியரான தகனோபு தகஹாஷி தமிழ்க் காதல் கவிதைக்காகவே ஒரு தனிப் புத்தகம் 1995-ல் எழுதினார். இவர்களில் யாரும் முகம் சுளிக்கவில்லை, வியந்துதான் எழுதினார்கள்.

இனி கதையின் தலைகீழ்ப் பகுதி. வெள்ளைக்காரன் நம் காதலைப் பார்த்துக் கூச்சப்பட்ட காலம் போய், வெள்ளைக்காரன் எடுத்த காதலைப் பார்த்து நாம் கூச்சப்பட்ட காலம் வந்தது. எல்லிஸ் ஆர். டங்கன், அமெரிக்காவின் ஒஹையோக்காரர், 1935-ல் இந்தியா வந்தார். தமிழ் கடைசிவரை பேச வரவில்லை. ஆனால் எம்.ஜி.ஆரின் முதல் படமான சதி லீலாவதி (1936), எம்.எஸ். நடித்த சகுந்தலை, மீரா எல்லாம் அவர் இயக்கியவை. அவர் வந்தபோது தமிழ்ப் படம் என்றாலே பாட்டுத்தான். 1934-ல் வந்த பவளக்கொடியில் ஐம்பது பாட்டு என்று சொல்வார்கள். இவர் பாட்டை நிறுத்தவில்லை, நிறுத்தினால் படம் ஓடாது என்று தெரிந்திருக்கும். பாட்டுக்கு நடுவே காதலர்களை நெருக்கமாக நிற்க வைத்தார். 1937-ல் எம்.கே.தியாகராஜ பாகவதரை வைத்து அம்பிகாபதி எடுத்தபோது, ரோமியோ ஜூலியட்டைக் கையில் கொடுத்து அதிலிருந்து காட்சிகளை எடுத்துக்கொள்ளும்படி வசனகர்த்தா இளங்கோவனிடம் சொன்னார். அம்பிகாபதி கதை தெரியும்தானே? கடவுள் மேல் நூறு பாட்டுப் பாட வேண்டும், நடுவில் காதல் கலந்தால் தலை போய்விடும். 99 பாடியவன் நூறு முடிந்தது என்று நினைத்து அமராவதியைப் பார்த்துப் பாடிவிடுகிறான். ஒரே ஒரு காதல் பாட்டுக்கு ஒரு தலை.

படம் பெரிய வெற்றி. ஆனால் 1950-ல் பொன்முடி வந்தபோது, காதல் காட்சிகள் அளவு மீறிவிட்டன, அமெரிக்கக்காரன் நம் பண்பாட்டைக் கெடுக்கிறான் என்று கண்டனம் எழுந்தது. வேடிக்கை என்னவென்றால், பொன்முடியின் மூலக்கதை பாரதிதாசனுடையது. அந்தக் காவியத்தின் பெயரே எதிர்பாராத முத்தம்! முத்தம் புதுச்சேரியிலிருந்து வந்தது, பழி ஒஹையோவுக்குப் போனது. அதே வருடம் மந்திரி குமாரியோடு டங்கன் ஊருக்குத் திரும்பிவிட்டார்.

எங்கிருந்து வந்தது இந்தக் கூச்சம்? எல்லாவற்றையும் பாதிரியார்கள் தலையில் கட்ட எனக்கு மனமில்லை, நம்மிடமும் சொந்தச் சரக்கு இருந்திருக்கும். ஆனால் ஒரு எண் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2016-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை திருக்குறளைப் பாடத்தில் சேர்க்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு, சந்தேகமே இல்லை. எத்தனை அதிகாரம்? அறமும் பொருளும் சேர்த்து 108. பெஸ்கி 1730-ல் நிறுத்திய அதே இடம். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பது நியாயம்தான், ஆறாம் வகுப்புக்கு நானும் வைக்க மாட்டேன். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு? பதினேழு வயதுப் பையன் ஒருதலைக் காதல் பற்றிச் சினிமாவிடம் கற்றுக்கொள்கிறான். துரத்தினால் அவள் சம்மதிப்பாள் என்று அங்கே சொல்லித் தருகிறார்கள். அதே வயதில் அவனுக்குப் பக்கத்துப் புத்தகத்தில் 250 குறள் இருப்பதை யாரும் சொல்லுவதில்லை. அதில் பாதிக்கு மேல் பேசுவது ஒரு பெண், அவள் மனதில் என்ன ஓடுகிறது என்பது முழுக்க இருக்கிறது.

நுங்கம்பாக்கம் வள்ளுவர் கோட்டத்தில் 1330-ம் கல்லில் பொறித்திருக்கிறார்கள், எதையும் விடாமல். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு உரைப் புத்தகத்தை எடுங்கள். 109-ல் தொடங்க வேண்டாம், அது அழகு வர்ணனை, கொஞ்சம் மெதுவாகப் போகும். 117-லிருந்து எட்டு அதிகாரம் படியுங்கள், எண்பதே குறள், இருபத்தொன்றாம் நம்பர் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.